கழிவிலிருந்து வளையும் மின்முனை: கோலார் தங்கவயலுக்கு என்ன மிஞ்சும்?

கோலார் தங்கவயல்: சுரங்கங்கள் மூடப்பட்டு ஏறத்தாழ கால் நூற்றாண்டு ஆன நிலையில், கோலார் தங்கவயலின் கழிவு மேடுகள் மீண்டும் பேசுபொருளாகியுள்ளன. பூமிக்கு அடியிலிருந்து வெட்டியெடுத்த பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்த பின் கொட்டப்பட்ட மண் அது. உள்ளூர் மக்கள் அதைச் சயனைடு மலை என்றே அழைக்கின்றனர். மொத்தம் 13 மேடுகள், 1,003.4 ஏக்கர் பரப்பு, சுமார் 3.3 கோடி டன் மண். இவற்றை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூன் மாதம் ஒப்புதல் அளித்தது.

இதே காலகட்டத்தில், கழிவைச் செல்வமாக மாற்றும் இன்னொரு முயற்சியும் உலகெங்கும் ஆய்வகங்களில் வேகம் பெற்றுள்ளது. பழைய துணி, தேங்காய்த் தொட்டி, பட்டுக்கூட்டின் எச்சம், பிளாஸ்டிக் பாட்டில், தீர்ந்துபோன பேட்டரி ஆகியவற்றிலிருந்து மின்னாற்றலைச் சேமிக்கும் மின்முனைகளைத் தயாரிக்கும் முயற்சி அது. அவற்றில் சில, துணியைப் போல வளைக்கவும் சுருட்டவும் கூடியவை.

மண்மேட்டிலிருந்து தங்கம், துணிக்கழிவிலிருந்து மின்முனை என இரண்டும் வெவ்வேறு துறைகள். ஆயினும் இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே: கழிவிலிருந்து மதிப்பைப் பிரித்தெடுத்த பின் அந்த மதிப்பு எங்கே போகிறது, எஞ்சிய கழிவு யாரிடம் தங்குகிறது? இந்தக் கேள்வியைத் தங்கவயலை விட நன்கு அறிந்த ஊர் இந்தியாவில் அரிது.

வளையும் மின்முனை என்பது என்ன?

மின்னாற்றலைச் சேமிக்கும் கருவிகளில் பேட்டரி பலருக்கும் அறிமுகமானது. அதற்கு நெருங்கிய உறவுடைய மற்றொரு கருவி மீமின்தேக்கி, அதாவது சூப்பர் கெபாசிட்டர். பேட்டரியில் வேதிவினை வழியாக ஆற்றல் சேமிக்கப்படுகிறது. மீமின்தேக்கியில், மின்பகுளிக் கரைசலில் உள்ள அயனிகள் மின்முனையின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதன் மூலம் ஆற்றல் சேமிக்கப்படுகிறது. ஒட்டுவதும் விலகுவதும் நொடிகளில் நிகழ்வதால், மிக விரைவாக மின்னேற்றவும் மின்னிறக்கவும் முடிகிறது. தரமான மீமின்தேக்கிகள் பல லட்சம் முறை இவ்வாறு இயங்கினாலும் பெரிதாகத் தேய்வதில்லை.

ஆனால் அதில் அடங்கும் ஆற்றல் குறைவு. வணிக லித்தியம் அயனி பேட்டரி ஒரு கிலோ எடைக்கு 150 முதல் 250 வாட் மணி வரை ஆற்றலைச் சேமிக்கும். வணிக மீமின்தேக்கியில் இந்த அளவு பெரும்பாலும் 10 வாட் மணிக்கும் குறைவு. ஆகவே ஒரு காரை நாள் முழுவதும் ஓட்டும் வேலைக்கு அது பொருந்தாது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைப் பிடித்துவைத்து உடனே திருப்பித் தருவதும், மின்தடையின் சில நொடி இடைவெளியை நிரப்புவதும், சிறு உணரிகளுக்கு மின்சாரம் தருவதும் அதற்குரிய பணிகள்.

ஒட்டும் பரப்பு எவ்வளவு அதிகமோ அவ்வளவு ஆற்றல் சேரும். இங்குதான் கரி முக்கியத்துவம் பெறுகிறது. நன்கு பதப்படுத்திய ஒரு கிராம் கரியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளின் சுவர்களை விரித்து வைத்தால், 1,000 முதல் 2,000 சதுர மீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கிடைக்கும். இதைச் செயலூட்டப்பட்ட கரி என்பர்.

வழக்கமான முறையில், இந்தக் கரித்தூளை ஒரு பசையோடு குழைத்து, அலுமினியத் தகட்டின்மீது பூசி மின்முனை தயாரிக்கின்றனர். அதை மீண்டும் மீண்டும் மடித்தால் பூச்சு வெடித்து உதிரும். வளையும் மின்முனைக்கு, தானே இழையோடிய ஒரு தாங்கு பொருள் தேவை. பருத்தித் துணியை ஆக்சிஜன் இல்லாத உலையில் மெதுவாகச் சூடாக்கினால், நெசவு குலையாமலேயே அது கரித்துணியாக மாறுகிறது. நூலே மின்கடத்தியாகவும், ஆற்றலைச் சேமிக்கும் பரப்பாகவும் ஆகிவிடுகிறது. திரவ மின்பகுளிக்குப் பதிலாக, கூழ் வடிவிலான மின்பகுளியை இடையில் வைத்தால் கருவி முழுவதும் வளையும். உடலில் ஒட்டிக்கொண்டு இதயத் துடிப்பை அளக்கும் பட்டை, நோயாளியின் ஆடையில் தைத்த உணரி, ராணுவச் சீருடை ஆகியவை இதன் எதிர்காலப் பயன்பாடுகளாகக் கருதப்படுகின்றன.

பனியன் துணி முதல் பட்டுக்கூடு வரை

இத்துறையில் பலரது கவனத்தையும் ஈர்த்த ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகத்தில் 2012-இல் வெளியானது. கடையில் வாங்கிய சாதாரண பருத்தி டி-சட்டையை ஃபுளோரைடு கரைசலில் நனைத்து, உலர்த்தி, காற்றுப் புகாத உலையில் சுட்டனர். கிடைத்த கரித்துணி மடித்தாலும் உடையவில்லை. அதன் இழைகளின்மீது மாங்கனீசு ஆக்சைடைப் பூசியபோது சேமிப்புத் திறன் மேலும் உயர்ந்தது.

இந்தியாவிலும் இத்தகைய முயற்சி நடந்துள்ளது. ஐதராபாத்தில் இயங்கும் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் ஏ.ஆர்.சி.ஐ. ஆய்வு மையம், ஆலைகளின் கழிவுப் பருத்தியிலிருந்து நுண்துளைக் கரி இழைகளைத் தயாரித்து மீமின்தேக்கி மின்முனையாகப் பயன்படுத்தியது. மின்பகுளியாக அவர்கள் எடுத்துக்கொண்டது இயற்கையான கடல்நீர். 10,000 முறை மின்னேற்றி இறக்கிய பின்னும் 99 சதவீதத் திறன் நிலைத்திருந்ததாக அந்த மையம் அறிவித்தது.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ரிவர்சைடு வளாக ஆய்வாளர்கள் 2020-இல் பிளாஸ்டிக் பாட்டில்களைக் கரைத்து, நுண்ணிய இழைகளாக நூற்று, கரியாக்கி மீமின்தேக்கிப் பொருளாக்கினர். பட்டு இழையில் புரதமாக அமைந்துள்ள நைட்ரஜன், கரியாக்கிய பின்னும் ஓரளவு தங்கி மின்சேமிப்புக்கு உதவுகிறது. பட்டிலிருந்து பெற்ற நைட்ரஜன் கலந்த நுண்துளைக் கரித்தகடுகள் பேட்டரிக்கும் மீமின்தேக்கிக்கும் பயன்படும் என்பதைச் சீன ஆய்வாளர்கள் 2015-இல் காட்டினர்.

இப்பட்டியலை இந்திய வரைபடத்தின்மீது வைத்துப் பார்த்தால், பெரும்பாலான கழிவுகள் தங்கவயலைச் சுற்றியே இருப்பது தெரியும். கோலார், சிக்கபள்ளாப்பூர் மாவட்டங்கள் பட்டு வளர்ப்புக்குப் பெயர்பெற்றவை. சிட்லகட்டா பட்டுக்கூட்டுச் சந்தை நாடறிந்தது. சீனிவாசபுரம் மாம்பழத்துக்கும், கோலார் சந்தை தக்காளிக்கும் புகழ்பெற்றவை. மேற்கே பெங்களூருவில் ஆயத்த ஆடை ஆலைகளும், மலைபோல் குவியும் மின்னணுக் கழிவும் உள்ளன. தெற்கே திருப்பூரின் பனியன் ஆலைகளில் நாள்தோறும் கட்டிங் வேஸ்ட் சேர்கிறது. தேங்காய் உற்பத்தியில் கர்நாடகம், தமிழ்நாடு, கேரளம் ஆகிய 3 மாநிலங்களும் நாட்டில் முன்னணியில் உள்ளன.

எல்லாக் கழிவும் ஒரே அளவில் பயன்படாது. தக்காளியில் பெரும்பகுதி நீர். உலர்த்தவே செலவாகும், கிடைக்கும் கரி சொற்பம். மாங்கொட்டை, தேங்காய்த் தொட்டி போன்ற கடினமான பொருள்களில் கரி அதிகம், துளையமைப்பும் சீரானது. வளையும் தன்மை வேண்டுமென்றால் பருத்தி, பட்டு போன்ற இழைப்பொருள்களே ஏற்றவை.

தங்கத்தைப் பிடிக்கும் கரி

தங்கவயலின் சயனைடு மேடுகளிலிருந்தே மின்முனை தயாரிக்க முடியுமா என்ற கேள்வி இயல்பாக எழலாம். அம்மண்ணில் பெரும்பகுதி குவார்ட்ஸ் முதலான சிலிக்கேட் கனிமங்களின் நுண்துகள். அதில் கரி இல்லை. அதை அப்படியே மின்முனையாக்க இயலாது. டங்ஸ்டன் தாதுவான ஷீலைட் அங்கு சிறிதளவு இருப்பது நெடுங்காலமாக அறியப்பட்டதே. டங்ஸ்டன் ஆக்சைடு மின்சேமிப்புப் பொருளாக ஆய்வகங்களில் ஆராயப்படுகிறது. மத்திய அரசு 2023-இல் வெளியிட்ட 30 முக்கியக் கனிமங்களின் பட்டியலில் டங்ஸ்டனும் கிராஃபைட்டும் இடம்பெற்றுள்ளன. எனினும் மேட்டு மண்ணிலிருந்து அதைப் பிரிப்பது தனியாக இலாபம் தருமா என்பது, தங்கத்துடன் சேர்த்து எடுக்கப்படுமா என்பதைப் பொறுத்தது.

உண்மையான இணைப்பு வேறிடத்தில் உள்ளது. உலகின் பல தங்கச் சுரங்கங்களில், சயனைடு கரைசலில் கலந்துள்ள தங்கத்தைப் பிடித்தெடுக்கப் பயன்படுவது தேங்காய்த் தொட்டியிலிருந்து செய்த செயலூட்டப்பட்ட கரி. அதன் கடினத்தன்மையும் நுண்துளைகளும் அதற்குக் காரணம். பழைய கழிவு மண்ணை மறுபடி பதப்படுத்தும் ஆலைகளிலும் இம்முறை வழக்கத்தில் உள்ளது. அதே நுண்துளைகளே மீமின்தேக்கியில் அயனிகளைப் பிடிக்கின்றன. ஜப்பானின் குராரே நிறுவனம் விற்கும் மீமின்தேக்கிக் கரி தேங்காய்த் தொட்டியிலிருந்து வருவது. இலங்கையின் ஹேகார்ப் நிறுவனமும் தொட்டிக்கரியிலிருந்து மின்சேமிப்புக்கான உயர்ரகக் கரியைத் தயாரித்து ஏற்றுமதி செய்கிறது.

ஆக, கழிவிலிருந்து மின்முனை என்பது கனவுநிலையைக் கடந்த தொழில். வளையும் வகை இன்னும் ஆய்வகத்தில் இருந்தாலும், அதன் அடிப்படையான கழிவுக்கரி ஏற்கெனவே உலகச் சந்தையில் உள்ளது. விற்பனைச் சங்கிலியில் தொட்டி, கரி, செயலூட்டப்பட்ட கரி, மீமின்தேக்கித் தரக் கரி, மின்முனை, முழுக் கருவி என ஒவ்வொரு படியிலும் விலை பல மடங்காக உயர்கிறது. மூலப்பொருள் விளையும் ஊர்கள் பெரும்பாலும் முதல் இரண்டு படிகளிலேயே நின்றுவிடுகின்றன.

ஆய்வகத்துக்கும் ஆலைக்கும் இடையே

கழிவிலிருந்து மின்முனை பற்றிய அறிவிப்புகளைப் படிக்கும்போது சில அளவுகளைக் கவனிப்பது நல்லது. ஆய்வகங்களில் மின்முனையின்மீது பூசப்படும் செயல்பொருள் பெரும்பாலும் மிக மெல்லியது. ஒரு சதுர செ.மீ.க்கு ஓரிரு மில்லிகிராம் என்ற அளவிலேயே இருக்கும். வணிக மின்முனையில் அது சுமார் 10 மில்லிகிராம். மெல்லிய பூச்சில் கிடைக்கும் வியத்தகு எண்கள், தடித்த பூச்சில் கிடைப்பதில்லை. மேலும் கருவியின் மொத்த எடையில் உறை, தகடு, மின்பகுளி எல்லாம் அடங்கும். இந்தக் குழப்பத்தை மின்வேதியியல் அறிஞர்கள் யூரி கோகோட்சியும் பாட்ரீஸ் சிமோனும் 2011-லேயே சுட்டிக்காட்டி, கருவி முழுவதையும் அளவிட வேண்டும் என வலியுறுத்தினர்.

அடுத்த தடை, சீர்மை. ஆலைக்கு ஒவ்வொரு நாளும் ஒரே தரமான மூலப்பொருள் வேண்டும். கழிவின் இயல்போ கலப்படம். பருத்தி என்று வரும் துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கும். சாயம், பொத்தான், ஒட்டுப்பசை இருக்கும். பாலியஸ்டர் உலையில் உருகித் துளைகளை அடைக்கும். சாயத்தில் உள்ள உலோக உப்புகள் கரியில் தங்கினால் மின்கசிவு கூடும். ஆகவே பிரித்தல், தரம் பார்த்தல், கழுவுதல் ஆகியவையே செலவின் பெரும்பகுதியாகக்கூடும். தொழில்நுட்பம் உலையில் தொடங்குவதாகத் தோன்றினாலும், அதன் வெற்றி குப்பையைப் பிரிக்கும் மேசையிலேயே தீர்மானிக்கப்படுகிறது.

மூன்றாவது, கழிவு இலவசம் என்ற தவறான எண்ணம். திருப்பூர், கோவை வட்டாரத்தில் ஓ.இ. நூற்பாலைகள் பருத்திக் கழிவை விலைக்கு வாங்கி மறுபடி நூலாக்குகின்றன. பட்டுக் கழிவுக்கும் நூற்பாலைகளில் தேவை உண்டு. தேங்காய் விலை ஏறிய 2025-இல் தொட்டியின் விலையும் சேர்ந்து ஏறியது. புதிதாக வரும் மின்முனைத் தொழில், ஏற்கெனவே இயங்கும் மறுசுழற்சித் தொழில்களோடு அதே கழிவுக்குப் போட்டியிட வேண்டியிருக்கும். நூலாக மாற இயலாத, இப்போது எரிக்கப்படும் அல்லது குழியில் கொட்டப்படும் கழிவை எடுத்துக்கொண்டால் மட்டுமே சூழலுக்கு உண்மையான நன்மை உண்டு.

இத்தடைகளுக்கு நடுவிலும் இந்தியத் தொழில்துறை அசையத் தொடங்கியுள்ளது. கேரள அரசின் கெல்ட்ரான் நிறுவனம், இஸ்ரோவின் தொழில்நுட்ப ஒத்துழைப்புடன் கண்ணூரில் அமைத்த மீமின்தேக்கி ஆலை 2024 அக்டோபரில் தொடங்கிவைக்கப்பட்டது. திட்ட மதிப்பு 42 கோடி ரூபாய். உள்நாட்டில் மீமின்தேக்கி தயாராகும்போது, அதற்கேற்ற உயர்ரகக் கரிக்கும் உள்நாட்டில் சந்தை உருவாகிறது. காரைக்குடியில் 1953 முதல் இயங்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், பேட்டரி, மீமின்தேக்கி ஆய்வுகளில் நெடிய அனுபவம் உடையது. அறிவும் ஆலையும் தென்னிந்தியாவிலேயே உள்ளன. இரண்டுக்கும் இடையில், கழிவைத் தரப்படுத்தித் தரும் நடுப்படிதான் இல்லை.

கழிவின் கழிவு

செயலூட்டப்பட்ட கரியை உருவாக்க 2 வழிகள் உண்டு. ஒன்று, கரியை உயர்வெப்பத்தில் நீராவியால் தாக்குவது. மற்றொன்று, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற காரத்துடன் கலந்து 700 முதல் 900 டிகிரி செல்சியஸ் வரை சுடுவது. ஆய்வகங்கள் பெரிதும் விரும்புவது இரண்டாவது முறை. அதில் துளைகள் அதிகம் கிடைக்கும். ஆனால் சுட்ட பின் எஞ்சும் காரத்தை அமிலத்தாலும் நீராலும் கழுவி நீக்க வேண்டும். அந்தக் கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட்டால் நிலமும் நீரும் கெடும்.

இது கற்பனையான அச்சம் அன்று. திருப்பூர் மாவட்டத்தில் தேங்காய்த் தொட்டிக் கரி சுடும் ஆலைகளால் நிலத்தடி நீர் மாசுபடுவதாகக் கூறிக் கிராம மக்கள் பலமுறை போராடியுள்ளனர். கரி சுடும்போது வெளியேறும் புகையிலும், கரியை அணைக்கப் பயன்படும் நீரிலும் நச்சுச் சேர்மங்கள் கலந்திருக்கும். பசுமைத் தொழில்நுட்பம் என்ற பெயர், உலையின் அருகில் வசிப்போருக்குத் தானாகவே பாதுகாப்பைத் தந்துவிடாது.

தங்கவயல் இதற்கு நாட்டின் மிகப் பெரிய சாட்சிகளுள் ஒன்று. 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனம் இங்கு நவீனச் சுரங்கத் தொழிலைத் தொடங்கியது. 1890-களில் வந்த சயனைடு முறை அக்காலத்தின் உயர்தொழில்நுட்பம்; பாறையில் எஞ்சிய தங்கத்தையும் அது கறந்தெடுத்தது. காவிரியின் சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902 ஜூனில் ஏறத்தாழ 147 கி.மீ. தொலைவு கடந்து மின்சாரம் வந்ததும் இச்சுரங்கங்களுக்காகத்தான். பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்குப் பின்னர், 1905-இல். 3 கி.மீ.க்கும் ஆழமாக இறங்கிய இச்சுரங்கங்கள் 120 ஆண்டுகளில் சுமார் 800 டன் தங்கத்தைத் தந்தன.

வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்த தமிழ், தெலுங்குத் தொழிலாளர்களின், குறிப்பாகத் தலித் மக்களின் உழைப்பில் அது வெளிவந்தது. தங்கம் வெளியேறியது. பாறைத்தூசியால் வரும் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோயும், மண்மேடுகளும் ஊரிலேயே தங்கின. 2001 பிப்ரவரி 28-இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபோது வேலையும் போயிற்று. மேடுகளுக்குப் பொறுப்பேற்க ஆளில்லை. கோடையில் காற்று வீசினால் அந்த நுண்மண் இன்றும் குடியிருப்புகளில் படிகிறது.

இப்போது முன்வைக்கப்படும் மறு பதப்படுத்தலின் கணக்கையும் இந்தப் பின்னணியில் பார்க்க வேண்டும். மேட்டு மண்ணில் டன்னுக்கு சுமார் 0.7 கிராம் தங்கம் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. 3.3 கோடி டன்னுக்கும் கணக்கிட்டால் ஏறத்தாழ 23 டன். இன்றைய தங்க விலையில் இது பெருந்தொகை. ஆனால் ஒரு டன் மண்ணிலிருந்து ஒரு கிராமுக்கும் குறைவான பொருளை எடுத்த பின், மீதி முழு டன்னும் மீண்டும் எங்கோ கொட்டப்பட வேண்டும். எங்கே, எவ்விதக் காப்புப் படலத்தின்மீது, யார் செலவில், எத்தனை ஆண்டுக் கண்காணிப்புடன் என்பதே ஏல ஆவணத்தில் தங்கத்தின் அளவைவிட முக்கியமான வரிகளாக இருக்க வேண்டும்.

மின்முனைத் தொழிலுக்கும் இதே அளவுகோல் பொருந்தும். ஒரு கிலோ செயலூட்டப்பட்ட கரிக்கு ஏறத்தாழ 10 கிலோ தேங்காய்த் தொட்டி தேவைப்படும். எஞ்சியது வாயுவாகவும் தாராகவும் சாம்பலாகவும் வெளியேறுகிறது. அந்த வாயுவை எரித்து உலைக்கே வெப்பமாகத் திருப்புவதும், காரக் கழிவுநீரை மீட்டு மறுபடி பயன்படுத்துவதும் சாத்தியமே. ஆனால் அதற்கு முதலீடு வேண்டும். அனுமதி தரும்போதே அதைக் கட்டாயமாக்க வேண்டும்.

கொள்கை எங்கே நிற்கிறது?

பேட்டரிகளின் எதிர்மின்முனைக்கு வேண்டிய கிராஃபைட்டில் சீனாவின் ஆதிக்கம் பெரிது. அந்நாடு 2023 டிசம்பர் முதல் கிராஃபைட் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தது. இதுபோன்ற நெருக்கடிகளின் பின்னணியில், 2025 ஜனவரியில் தேசிய முக்கியக் கனிம இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. சுரங்கக் கழிவு, சாம்பல் போன்ற இரண்டாம் நிலை ஆதாரங்களிலிருந்து கனிமங்களை மீட்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று.

தொடர்ந்து 2025 செப்டம்பரில், முக்கியக் கனிமங்களின் மறுசுழற்சிக்காக 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம் அறிவிக்கப்பட்டது. ஆண்டுக்கு 2.7 லட்சம் டன் மறுசுழற்சித் திறனை உருவாக்கி, சுமார் 40,000 டன் கனிமங்களை மீட்பதும், ஏறத்தாழ 70,000 பேருக்கு நேரடியாகவும் மறைமுகமாகவும் வேலை அளிப்பதும் அதன் இலக்குகள். மின்னணுக் கழிவும் லித்தியம் பேட்டரிக் கழிவும் அதன் முதன்மைக் கவனம். 2022-இன் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும், 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளும் தயாரிப்பாளர்களையே மறுசுழற்சிக்குப் பொறுப்பாக்கியுள்ளன.

துணிக்கழிவு, தேங்காய்த் தொட்டி, பட்டுக்கழிவு ஆகியவற்றிலிருந்து வரும் கரி இத்திட்டங்களின் மையத்தில் இல்லை. அது கனிமமாகக் கருதப்படுவதில்லை. வேளாண் கழிவு, ஜவுளிக் கழிவு என வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடக்கிறது. இறக்குமதியைக் குறைக்கும் நோக்கம் உண்மையானால், கழிவிலிருந்து பெறும் உயர்ரகக் கரியையும் அதே ஊக்கத்தின்கீழ் கொண்டுவருவது பொருத்தமாக இருக்கும்.

தங்கவயலுக்கு என்ன?

இந்த ஊருக்கு அறிவியல் புதியதன்று. 1965-இல் தங்கவயலின் ஆழத்தில்தான் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பான், பிரிட்டன் ஆய்வாளர்களும் இணைந்து வளிமண்டல நியூட்ரினோக்களைப் பதிவுசெய்தனர். அப்போது உலகின் மிக ஆழமான ஆய்வகங்களுள் அதுவும் ஒன்று. 1988-இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் இங்கு அமைந்தது. பின்னர் அதன் தலைமையகம் பெங்களூருவுக்கு இடம்பெயர்ந்தது. தங்கத்தைப் போலவே அறிவும் இங்கே பிறந்து வெளியே சென்றது.

மனிதர்களும் அவ்வாறே வெளியேறுகின்றனர். சுரங்கம் மூடிய பின், விடியற்காலையில் மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூரு சென்று, இரவில் திரும்புகின்றனர். 2018-இல் வெளியான கே.ஜி.எஃப். திரைப்படமும், 2024-இல் வெளியான தங்கலான் திரைப்படமும் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. ஊரின் வேலைவாய்ப்பு நிலையில் அதனால் மாற்றம் ஏதும் இல்லை.

ஆயினும் அடித்தளம் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. 1964-இல் தொடங்கப்பட்ட பி.இ.எம்.எல். நிறுவனத்தின் கனரக இயந்திர ஆலைகள் தங்கவயலில் இயங்குகின்றன. பொறியியல் கல்லூரி உள்ளது. பெங்களூரு–சென்னை விரைவுச்சாலை அருகிலுள்ள பேத்தமங்கலம் வழியே செல்கிறது. உலை, இயந்திரம், பாதுகாப்பு நடைமுறை ஆகியவற்றோடு தலைமுறைகளாகப் பழகிய தொழிலாளர் குடும்பங்கள் உள்ளன. கழிவைப் பிரித்துத் தரப்படுத்தும் மையம், சிறிய அளவிலான கரியாக்க ஆலை, மின்முனைச் சோதனைக்கூடம் என ஒன்றன்பின் ஒன்றாக அமைத்தால், பெங்களூருவின் ஆடைக் கழிவும் கோலாரின் பட்டுக் கழிவும் இங்கேயே மதிப்புக் கூட்டப்படலாம். காரைக்குடி போன்ற ஆய்வு நிறுவனங்களுடன் ஒப்பந்தமும், கண்ணூர் போன்ற ஆலைகளின் கொள்முதல் உறுதியும் அதற்கு முன்நிபந்தனைகள். கொள்முதல் உறுதியின்றி அமையும் ஆலை, மானியம் தீர்ந்ததும் மூடப்படும்.

அது பேரளவு வேலைவாய்ப்பைத் தந்துவிடும் என்று கூறுவது மிகையாகும். ஒரு காலத்தில் 30,000-க்கும் மேற்பட்டோருக்கு வேலை தந்த சுரங்கத்தின் இடத்தை ஒரு கரி ஆலை நிரப்பாது. சில நூறு பேருக்கு ஊரிலேயே தேர்ச்சி மிக்க வேலை கிடைத்தாலும், ரயிலேறாமல் வாழும் வழி ஒன்று திறக்கும் என்பதே எதிர்பார்க்கத்தக்க பலன்.

மேடுகளின் ஏலமும் புதிய தொழில்களுக்கான அனுமதியும் முடிவாகும் கட்டத்தில், தங்கவயல் மக்கள் கேட்கத்தக்க கேள்விகள் 3 உள்ளன. பதப்படுத்தும் வேலையில் எத்தனை பங்கு ஊருக்குள் நடக்கும்? எஞ்சும் மண்ணுக்கும் கழிவுநீருக்கும் பொறுப்பேற்பவர் யார், அதற்கான வைப்புத்தொகை முன்கூட்டியே கட்டப்படுமா? காற்று, நீர்ச் சோதனை முடிவுகள் மக்களுக்குத் தெரியும்படி வெளியிடப்படுமா? 1880-இல் இக்கேள்விகளைக் கேட்கும் நிலையில் சுரங்கத் தொழிலாளர்கள் இல்லை. இன்று அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வாக்குரிமையும், தகவல் அறியும் உரிமைச் சட்டமும், சுற்றுச்சூழல் அனுமதிக்கு முன் நடைபெறும் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் உள்ளன. ஏல நிபந்தனைகள் இறுதி செய்யப்படுவதற்கு முன் அவற்றைப் பயன்படுத்தினால்தான் பலன் உண்டு.